'ஷல்', 'ஷுட்': கடமைக்கும் அறிவுரைக்கும் இடையிலான தூரம்

பள்ளியில் ஆங்கில இலக்கணம் நடத்தும்போது 'ஷல்' என்ற துணைவினையின் இறந்தகால வடிவம் 'ஷுட்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். பொருள் கேட்டால் இரண்டுக்கும் பெரும்பாலும் 'வேண்டும்' என்றே எழுதிக்கொள்வோம். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் ஒப்பந்தம், சட்டப் பிரிவு, தொழில்நுட்பத் தரநிலை, பன்னாட்டு உடன்படிக்கை என்று கையெழுத்தும் பொறுப்பும் சேர்ந்து வரும் ஆவணங்களைப் படிக்கும்போது இந்த இரண்டு வினைகளையும் ஒன்றாகக் கருதுவது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும். ஒன்று கடமையைச் சுமத்துகிறது. மற்றொன்று வலுவாகப் பரிந்துரைக்கிறது. இந்த விளக்கம் சரியானதுதான் என்றாலும் அரைகுறையானது. எந்த வினை வந்திருக்கிறது என்பதோடு, அது எந்தச் செயலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, அதை மீறினால் கேட்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாசகத்தின் உண்மையான எடை தெரியவரும்.

முதலில் இந்தச் சொற்களின் வேர். பழைய ஆங்கிலத்தில் 'ஷல்' என்பதன் மூலவினைக்குக் 'கடன்பட்டிருத்தல்' என்பதே பொருள். ஒருவர் மற்றவருக்கு இவ்வளவு பணம் தர வேண்டியிருக்கிறது என்று சொல்லப் பயன்பட்ட வினை, காலப்போக்கில் இன்ன செயலைச் செய்யக் கட்டுப்பட்டிருக்கிறார் என்று சொல்லப் பயன்படலாயிற்று. அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் 'ஷுல்ட்' இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. கொடுக்க வேண்டிய பணமும் செய்ய வேண்டிய கடமையும் நம் மொழியிலும் 'கடன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

'ஷுட்' அந்த வினையின் இறந்தகால வடிவமாகவே பிறந்தது. ஆனால் ஆங்கிலத்தில் துணைவினைகளின் இறந்தகால வடிவங்கள் காலத்தில் பின்னோக்கிப் போவதைவிட உறுதியிலிருந்து ஓரடி விலகி நிற்பதற்கே அதிகம் பயன்படலாயின. 'கேன்' என்பதிலிருந்து 'குட்', 'வில்' என்பதிலிருந்து 'வுட்', 'மே' என்பதிலிருந்து 'மைட்' எல்லாம் அப்படி விலகி வந்தவைதாம். நிகழ்காலத்தில் நேருக்கு நேர் நிற்கும் கடமை, இறந்தகால வடிவம் பூண்டதும் 'முறைப்படி இப்படித்தான் நடக்க வேண்டும், ஆனால் நடக்காமலும் போகலாம்' என்ற தொனியைப் பெறுகிறது. 'பேருந்து ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும்' என்று ஆங்கிலத்தில் சொல்ல 'ஷுட்' பயன்படுவதும் இதனால்தான். அங்கே பேருந்துக்கு யாரும் கடமை விதிக்கவில்லை, நியாயமான எதிர்பார்ப்பை மட்டுமே சொல்கிறோம்.

பேச்சு ஆங்கிலத்தில் 'ஷல்' இன்று பெரிதும் தேய்ந்துவிட்டது. 1653-இல் ஜான் வாலிஸ் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம், தன்மையில் 'ஷல்' வந்தால் வெறும் எதிர்காலம், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல் என்று வகுத்தது. அந்த விதியைப் பல தலைமுறைப் பாடநூல்கள் மனப்பாடம் செய்யவைத்தன. இப்போது 'கதவைத் திறக்கட்டுமா' என்பது போன்ற கேள்விகளுக்கு வெளியே 'ஷல்' பேச்சில் அரிதாகவே கேட்கிறது. எழுத்தில் அது உயிரோடிருக்கும் இடம் விதிகளின் உலகம். அந்த உலகில் 'ஷுட்' அதன் பக்கத்திலேயே நிற்பதால்தான் இரண்டையும் பிரித்தறியும் தேவை எழுகிறது.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக எழுதிவைத்தவர்கள் இலக்கண ஆசிரியர்களைவிடத் தொழில்நுட்பத் தரநிலைகளை உருவாக்குபவர்கள்தாம். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் வரைவு விதிகளில் 'ஷல்' என்றால் தேவைப்பாடு, 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் அனுமதி. தரநிலைக்கு ஒத்துப்போகிறேன் என்று உரிமை கோருகிறவர் 'ஷல்' வாக்கியங்களில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது. 'ஷுட்' வாக்கியத்தை விட்டாலும் அந்த உரிமைகோரல் செல்லும். இணைய நெறிமுறைகளை எழுதுவோர் பின்பற்றும் ஆர்எஃப்சி 2119 என்ற சிறிய ஆவணம் இன்னும் நுணுக்கமானது. 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய அந்த ஆவணம் 'மஸ்ட்', 'ஷல்' இரண்டையும் ஒரே வலிமையுள்ளவையாக, விலக்கில்லாத கட்டளையாக வரையறுக்கிறது. 'ஷுட்' பற்றி அது சொல்வதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்: குறிப்பிட்ட சூழ்நிலைகளில் ஒரு விதியைப் புறக்கணிக்கத் தகுந்த காரணங்கள் இருக்கலாம், ஆனால் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதன் முழு விளைவுகளையும் புரிந்துகொண்டு கவனமாக எடைபோட்டாக வேண்டும்.

'ஷுட்' என்றால் 'விருப்பமிருந்தால் செய்யலாம்' என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். இந்த வரையறை அந்த எண்ணத்தைத் தவறு என்று காட்டுகிறது. 'ஷுட்' வாக்கியத்தை மீறுபவர் விதியை மீறியவர் ஆகமாட்டார். ஆனால் ஏன் மீறினார் என்று காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். 'ஷல்' வாக்கியத்தை மீறியவருக்குக் காரணம் சொல்லும் வாய்ப்பே விதியில் இல்லை. ஆகவே இரண்டு வினைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அழுத்தத்தின் அளவாகப் பார்ப்பதைவிட, தவறினால் அடுத்து என்ன நடக்கும் என்ற கோணத்தில் பார்ப்பது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் கட்டுமானத் தளங்களில் தினமும் புழங்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் தரநிலை, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தூணின் நெடுக்குக் கம்பிகளைப் பற்றி 'ஷல்' என்ற வினையிலேயே பேசுகிறது. கம்பிகளின் மொத்தப் பரப்பு தூணின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.8 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. செவ்வகத் தூணில் குறைந்தது 4 கம்பிகளும் வட்டத் தூணில் குறைந்தது 6 கம்பிகளும் இருந்தாக வேண்டும். கம்பியின் விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 300 மில்லிமீட்டருக்கு 300 மில்லிமீட்டர் தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாங்க வேண்டிய பளுவுக்கு அந்த அளவு முழுவதும் தேவைப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 12 மில்லிமீட்டர் கம்பிகள் நான்கை நிறுத்தினால் எண்ணிக்கையும் விட்டமும் விதிக்கு உட்பட்டுவிடும். ஆனால் அவற்றின் பரப்பு சுமார் 452 சதுர மில்லிமீட்டர்தான், 0.8 விழுக்காடு என்பதோ 720. மூன்று 'ஷல்'களில் இரண்டு நிறைவேறி ஒன்று தவறியிருக்கிறது, எனவே அந்தத் தூண் தரநிலைக்கு ஒத்ததன்று. 16 மில்லிமீட்டர் கம்பிகள் நான்கைப் போட்டால் சுமார் 804 வரும், மூன்றும் நிறைவேறும். பெரும்பான்மை விதிகளைக் கடைப்பிடித்தோம் என்ற சமாதானத்துக்கு 'ஷல்' இடம் தருவதில்லை.

தரநிலைகளில் இவ்வளவு கறாராக இருக்கும் இந்த வினை, நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் வளையத் தொடங்குகிறது. இந்திய அரசியலமைப்பின் 320-ஆவது உறுப்பு, அரசு ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் பணியாளர் தேர்வாணையம் கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்று 'ஷல்' போட்டுச் சொல்கிறது. உத்தரப் பிரதேச அரசு அப்படிக் கலந்தாலோசிக்காமல் எடுத்த நடவடிக்கை செல்லுமா என்ற வழக்கு 1957-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. செல்லும் என்றது நீதிமன்றம். கலந்தாலோசிக்காவிட்டால் நடவடிக்கை செல்லாமல் போகும் என்று அரசியலமைப்பு எங்கும் கூறவில்லை, சில வகை விவகாரங்களைக் கலந்தாலோசனையிலிருந்து விலக்கிவைக்கவும் அதே உறுப்பு வழி செய்கிறது என்பவற்றை எடைபோட்டு, அந்த 'ஷல்' வழிகாட்டும் தன்மையதே, கட்டாயமானது அன்று என்று தீர்ப்பளித்தது. எழுத்தில் 'ஷல்', விளைவில் ஏறக்குறைய 'ஷுட்'.

அதே அரசியலமைப்பின் 37-ஆவது உறுப்பு இன்னும் வியப்பானது. அரசுக்கான வழிகாட்டு நெறிகளை எந்த நீதிமன்றமும் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று ஒரு 'ஷல்'. சட்டம் இயற்றும்போது அந்த நெறிகளைக் கடைப்பிடிப்பது அரசின் கடமையாகும் என்று அதே வாக்கியத்தில் இன்னொரு 'ஷல்'. முதலாவது, நீதிமன்றத்தின் கதவை மூடுகிறது. இரண்டாவது, கதவு மூடிய பிறகும் கடமை இருக்கிறது என்கிறது. கேட்பதற்கு நீதிபதி இல்லாத கடமையும் கடமைதான் என்று நம் அரசியலமைப்பை உருவாக்கியவர்கள் கருதினார்கள். அதை 'ஷுட்' என்று எழுதியிருந்தால் அரசுக்கு வழங்கப்பட்ட அறிவுரையாக மட்டும் நின்றிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் உண்டு. 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 'ஷல்' பொதுவாகக் கட்டாயத்தைக் குறித்தாலும் சட்டம் எழுதுபவர்கள் சில வேளைகளில் அதை 'ஷுட்', 'வில்', ஏன், 'மே' என்ற பொருளில்கூடப் பயன்படுத்துகிறார்கள் என்று குறிப்பிட்டது. 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்திய கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 'ஷல்' என்ற சொல்லைக் களைந்து, இடத்துக்கேற்ப 'மஸ்ட்', 'மே', 'ஷுட்' ஆகியவற்றில் ஒன்றை வைத்தன. பழைய மரபின் மீது பற்றுள்ள வழக்கறிஞர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது. ஆனால் படிப்பவருக்கு ஐயம் எழாமல் எழுதுவதே விதி எழுதுபவரின் முதற்கடமை என்பதால், அந்த மாற்றத்தை வரவேற்கத்தான் வேண்டும்.

உடன்படிக்கைகள் மட்டும் 'ஷல்' என்ற சொல்லை விடவில்லை. நாடுகள் ஒன்றுக்கொன்று சட்டப்படிக் கட்டுப்படும் இடங்களில் 'ஷல்', அரசியல் உறுதி மட்டும் தரும் இடங்களில் 'ஷுட்' என்ற மரபு அங்கே இறுகிப்போயிருக்கிறது. அந்த மரபின் முழு எடையும் வெளிப்பட்ட நாள் 2015 டிசம்பர் 12. பாரிஸ் நகரை ஒட்டிய லெ பூர்ஜே வளாகத்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பாரிஸ் உடன்படிக்கையின் இறுதி வரைவு அன்று வெளியிடப்பட்டது. அதன் நான்காவது உறுப்பின் நான்காவது பத்தியில், வளர்ந்த நாடுகள் புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைப் பொருளாதாரம் முழுவதிலும் குறைக்கும் இலக்குகளை ஏற்றுத் தொடர்ந்து முன்னின்று வழிநடத்த வேண்டும் என்ற வாக்கியம் 'ஷல்' என்ற வினையோடு அச்சாகியிருந்தது. வளரும் நாடுகளைப் பற்றிய அடுத்த வாக்கியத்தில் இருந்ததோ 'ஷுட்'.

அமெரிக்கத் தரப்பு பதறியது. முந்தைய வரைவுகளில் அங்கே 'ஷுட்' இருந்தது, இறுதி வரைவில் தவறுதலாக மாறிவிட்டது என்பது அவர்கள் வாதம். இந்த வாசகம் மாறாவிட்டால் அமெரிக்காவால் உடன்படிக்கையை ஆதரிக்க முடியாது என்று வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, மாநாட்டுத் தலைவரான பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபாபியூஸிடம் தெரிவித்தார். பொதுக்கூட்டம் தொடங்கத் தாமதமானது. வளாகத்தில் ஆங்காங்கே குழுக்கள் கூடிப் பேசின. கடைசியில் செயலகத்தின் சார்பில் ரிச்சர்ட் கின்லி எழுந்து, காற்புள்ளி, எண் வரிசை போன்ற அச்சுத் திருத்தங்களின் பட்டியலை வாசித்தார். அந்தப் பட்டியலுக்குள் 'ஷல்' என்பது 'ஷுட்' ஆன திருத்தமும் இருந்தது. சற்று நேரத்தில் ஃபாபியூஸ் தம் பச்சை நிறச் சுத்தியலைத் தட்டினார், உடன்படிக்கை நிறைவேறியது.

ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு பதற்றம் எதற்கு? விடை அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. அங்கே உடன்படிக்கை ஒன்றை முறைப்படி ஏற்க, செனட்டில் வாக்களிக்க வந்திருப்பவர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். 1992-ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலைச் சட்டகம் என்ற உடன்படிக்கைக்குச் செனட் ஒப்புதல் அளித்தபோதே, பின்னாளில் கட்டாய உமிழ்வு இலக்குகள் வந்தால் அவை மீண்டும் செனட்டுக்கு வர வேண்டும் என்ற நிலைப்பாடு அதன் வெளியுறவுக் குழுவில் பதிவாகியிருந்தது. வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்காமல் அமெரிக்கா உள்ளிட்ட வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் விதிக்கும் ஒப்பந்தத்தை ஏற்கக் கூடாது என்று 1997 ஜூலையில் செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதனால், வளர்ந்த நாடுகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்த கியோட்டோ நெறிமுறையில் அமெரிக்கா கையெழுத்திட்டும் அது செனட்டுக்கு அனுப்பப்படவேயில்லை.

2015-இல் ஒபாமா அரசுக்குச் செனட்டின் ஆதரவு கிடைக்க வழியே இல்லை. ஏற்கெனவே ஏற்ற 1992 சட்டகத்தின் வரம்புக்குள்ளும் நடப்பிலுள்ள உள்நாட்டுச் சட்டங்களின் வரம்புக்குள்ளும் அடங்குவதாக இருந்தால்தான் குடியரசுத் தலைவர் தம் அதிகாரத்தில் உடன்படிக்கையை ஏற்க முடியும். உமிழ்வுக் குறைப்பு இலக்கை ஏற்றாக வேண்டும் என்ற 'ஷல்', அந்த வரம்பைத் தாண்டிய புதிய சட்டக் கடமை. 'ஷுட்' அப்படியன்று. மாற்றம் நடந்ததால்தான் 2016 செப்டம்பர் 3 அன்று சீனாவின் ஹாங்ஜோ நகரில், சீனாவோடு சேர்ந்து, செனட்டின் வாக்கெடுப்பு இல்லாமலேயே அமெரிக்கா உடன்படிக்கையில் இணைய முடிந்தது. அது நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 4 அன்று.

இதை அச்சுப்பிழைத் திருத்தம் என்று அழைத்தது மாநாட்டைக் காப்பாற்றிய உத்தி என்பதை ஏற்கலாம். ஆனால் பொருள் அளவில் அது பெரிய மாற்றமே. திருத்தத்துக்கு முன், வளர்ந்த நாடுகளுக்குக் கடமை, வளரும் நாடுகளுக்குப் பரிந்துரை என்ற ஏற்றத்தாழ்வு வினைச்சொல்லிலேயே இருந்தது. கடந்த காலத்தில் அதிகம் உமிழ்ந்தவர்களுக்கு அதிகப் பொறுப்பு என்று இந்தியா உள்ளிட்ட நாடுகள் பல்லாண்டுகளாக வலியுறுத்திய கோட்பாட்டோடு அது பொருந்தியது. திருத்தத்துக்குப் பின் இரண்டு வாக்கியங்களிலும் 'ஷுட்' வந்துவிட, அந்த வேறுபாடு செய்யச் சொன்ன செயல்களில் மட்டும் எஞ்சியது: வளர்ந்த நாடுகள் முழுமையான குறைப்பு இலக்கு ஏற்பது, வளரும் நாடுகள் தம் முயற்சிகளைக் கூட்டுவது. அமெரிக்காவை உள்ளே வைத்திருக்கக் கொடுத்த விலை இது. கொடுத்தும் அந்நாடு 2020 நவம்பர் 4 அன்று வெளியேறியது, 2021 பிப்ரவரி 19 அன்று திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மீண்டும் வெளியேறும் ஆணை பிறப்பித்தது என்பதைப் பார்க்கும்போது, விலை கொஞ்சம் அதிகம்தான் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் பாரிஸ் உடன்படிக்கையில் 'ஷல்' எஞ்சிய இடங்களையும் கூர்ந்து படிக்க வேண்டும். நான்காவது உறுப்பின் இரண்டாவது பத்தி, ஒவ்வொரு நாடும் தான் எட்ட எண்ணும் தேசியப் பங்களிப்புத் திட்டத்தை (உமிழ்வைக் குறைக்கத் தானே வகுக்கும் திட்டத்தை) தயாரித்து, அறிவித்து, பேணி வர வேண்டும் என்று 'ஷல்' போட்டுக் கட்டளையிடுகிறது. அந்தத் திட்டத்தின் நோக்கங்களை எட்டும் குறிக்கோளோடு உள்நாட்டு நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்பதற்கும் 'ஷல்' உண்டு. திட்டத்தில் சொன்னதை எட்டியே தீர வேண்டும் என்பதற்கு மட்டும் 'ஷல்' இல்லை. வினை வலிமையானது, அது பிணைக்கப்பட்ட செயல் தயாரிப்பதும் அறிவிப்பதும் முயல்வதும்தான். ஒன்பதாவது உறுப்பிலும் இப்படியே: வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு நிதி வழங்க வேண்டும் என்ற வாக்கியத்தில் 'ஷல்' இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்ற தொகை அந்த வாக்கியத்தில் இல்லை. அளவு சொல்லாத கடமையை நிறைவேற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வது எளிது. வெறும் வினையை எண்ணி உடன்படிக்கையின் வலிமையை அளந்தால் இந்த இடைவெளிகள் கண்ணில் படாமல் போய்விடும்.

நான்காவது உறுப்பின் மூன்றாவது பத்தியில் 'ஷல்', 'ஷுட்' இரண்டையும் தவிர்த்து 'வில்' வருகிறது. ஒவ்வொரு நாட்டின் அடுத்தடுத்த பங்களிப்பும் முந்தையதைவிட முன்னேறியதாக, அந்த நாட்டால் இயன்ற உச்ச அளவு இலட்சியத்தைக் காட்டுவதாக அமையும் என்கிறது வாசகம். கடமையும் சொல்லாமல் பரிந்துரையும் சொல்லாமல், இப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்ப்பை உண்மை போல் எழுதிவிட்டார்கள். 'ஷல்' என்றால் சிலர் ஏற்கமாட்டார்கள், 'ஷுட்' என்றால் வேறு சிலர் ஏற்கமாட்டார்கள் என்ற நிலையில் இப்படிப்பட்ட மூன்றாவது வினை பேச்சுவார்த்தைக்காரர்களுக்கு எவ்வளவு உதவும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்த வாசகங்களுக்குப் பன்னாட்டு நீதிமன்றத்தின் பொருள்விளக்கம் கிடைக்க ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாடு முன்னின்று எடுத்த முயற்சியால் 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்டது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாக அதை வழங்கியது. தேசியப் பங்களிப்பில் என்ன எழுதுவது என்பது முழுக்க அந்தந்த நாட்டின் விருப்பம் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பங்களிப்புகள் அடுத்தடுத்து முன்னேறுபவையாக இருக்க வேண்டும், எல்லா நாடுகளுடையதையும் சேர்த்துப் பார்த்தால் புவி வெப்பமாதலை 1.5 பாகை செல்சியஸுக்குள் நிறுத்தவல்லவையாக இருக்க வேண்டும், அவற்றை நிறைவேற்ற நாடுகள் உரிய விழிப்போடு செயல்படக் கடமைப்பட்டவை என்றது. ஆலோசனைக் கருத்து நேரடியாக எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது என்றாலும், தயாரித்து அறிவிப்பது என்ற அளவில் நின்ற 'ஷல்' அந்தத் தயாரிப்பின் தரத்தையும் தொடும் என்று ஆகியிருக்கிறது. 1957-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு 'ஷல்'லைத் தளர்த்திப் படித்தது; இங்கே அதற்கு நேர்மாறாக, தளர்வாக எழுதப்பட்ட வாசகத்தை நீதிபதிகள் இறுக்கிப் படித்திருக்கிறார்கள். இனி நாடுகள் அனுப்பும் பங்களிப்புத் திட்டங்களைப் பற்றிய வழக்குகள் உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு வரும்போது, வழக்கறிஞர்கள் வினைச்சொல்லோடு சேர்த்து இந்தக் கருத்தின் பத்திகளையும் எடுத்து வைப்பார்கள்.